தார்ப்பாய்க்கு அடியில் மூன்று ராத்திரி

லாரி டயர் மணலில் பதிந்ததும் என்ஜின் சத்தம் மாறும். அதுவரை ஒரே சீராக இரைந்து வந்த வண்டி திணற ஆரம்பிக்கும். அந்தத் திணறல் காதில் விழுந்தால் போதும், தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் சொல்லி வைத்த மாதிரி எழுந்து உட்கார்ந்துவிடுவோம். "ஆத்தங்கரை வந்துட்டு! ஏளா, ஆத்தங்கரை வந்துட்டு!" என்று எவளாவது ஒருத்தி கத்துவாள். பனைமரங்களுக்கு அந்தப் பக்கம் கடல் இரையும். நாக்கை நீட்டினால் காற்றில் உப்புக் கரிக்கும்.

எனக்கு இப்போது 62 வயது. லாட்ஜில் தங்கியிருக்கிறேன், மகள் வீட்டு ஏசி அறையில் படுத்திருக்கிறேன், கல்யாண மண்டபங்களில் மெத்தை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். நம்பியாறு கடலில் சேருகிற அந்த மணலில், வாழைத்தார் ஏற்றும் லாரிக்குள், சருகுமேல் பாய் விரித்துத் தூங்கிய தூக்கம் எனக்கு வேறெங்கும் வாய்க்கவில்லை. இதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். இப்போது எழுதியும் வைக்கிறேன்.

நான் பிறந்தது, வாக்கப்பட்டது, பீடி சுற்றியது எல்லாம் திருநெல்வேலி பேட்டையில். டவுனுக்கு மேற்கே, சேரன்மகாதேவிக்குப் போகிற ரோட்டில். சுத்தமல்லி அணைக்கட்டில் தாமிரபரணியை விட்டுப் பிரிகிற நெல்லைக் கால்வாய் எங்கள் ஊரைத் தொட்டுக்கொண்டுதான் டவுனுக்குப் போகும். எங்கள் தெருவில் பாதி முஸ்லிம் வீடு, பாதி எங்கள் ஆட்கள். எந்த வீடானாலும் திண்ணையில் ஒரு சொளகு இருக்கும், சொளகுக்குப் பின்னால் ஒரு பெண் குனிந்திருப்பாள்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா மடியில் சொளகை வைத்தாள். பீடி இலை மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வரும். கடையில் இலையையும் தூளையும் எடைபோட்டுத் தருவார்கள். ராத்திரியே இலையை நனைத்து ஈரச்சாக்கில் சுற்றி வைத்துவிட வேண்டும். விடிந்தால் வெற்றிலை மாதிரி வளைந்து கொடுக்கும். தகர அச்சை மேலே வைத்துக் கத்திரியால் வெட்ட வேண்டும். வெட்டிய இலையை இடது கையில் பிடித்து, தூளை நீளவாக்கில் தூவி, இரண்டு பெருவிரலாலும் மூலையிலிருந்து உருட்டி, நூலைச் சுற்றி அறுத்து, வாயை நகத்தால் மடக்கினால் ஒரு பீடி. 25 பீடி ஒரு கட்டு. 40 கட்டு சேர்ந்தால் ஆயிரம். கூலி ஆயிரத்துக்குத்தான். சமையல், தண்ணீர் எடுப்பு, பிள்ளைக்குப் பால் கொடுப்பது எல்லாம் அந்த ஆயிரத்துக்கு நடுவில் நுழைத்துக்கொள்ள வேண்டியதுதான். என் அம்மா பால் கொடுத்துக்கொண்டே சுற்றுவாள். பிள்ளை உறங்கிப் போனதுகூடத் தெரியாமல் சுற்றுவாள்.

கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால் கணக்கப்பிள்ளை ஒரு கட்டைக் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பார். தளர்ச்சி என்று பட்டால் ஒதுக்கிவிடுவார். ஒதுக்கியதற்குக் கூலி கிடையாது. அம்மா சுற்றிய ஒரு கடையில் ஒரு மழைக்காலம் முழுக்க வாரம் தவறாமல் எங்கள் கட்டுகள் ஒதுக்கப்பட்டன. இலை புள்ளி விழுந்து வந்தது, அதை அம்மா சொன்னாள், யாரும் கேட்கவில்லை. அந்த வருஷம் எங்கள் வீட்டுக்குப் பொங்கல் துணி இல்லை. ஆனால் ஆத்தங்கரைச் சீட்டு மட்டும் அம்மா ஒரு வாரம்கூட விடவில்லை. அதுதான் அம்மா.

சீட்டு பிடித்தவர்கள் பக்கத்து வீட்டுப் பெத்தும்மா. எங்களுக்கு உறவுமில்லை, சாதியுமில்லை, மதமுமில்லை. தெருவுக்கே பெத்தும்மா. வாரக்கூலி வாங்கிய அன்று சாயங்காலம் பிஸ்கட் டப்பாவோடு வாசலில் உட்காருவார்கள். கூலி வாங்கிய ஒவ்வொருத்தியும் தன்னால் முடிந்த சில்லறையை டப்பாவில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள். தை பிறந்ததும் டப்பா திறக்கும். அந்தப் பணத்தில் லாரிக்கு வாடகை, டீசல், அரிசி, ஒரு ஆடு. எல்லாம் பெத்தும்மா ஒருமுறை மகளுக்குக் காய்ச்சல் கண்டபோது நேர்ந்துகொண்ட நேர்ச்சையில் ஆரம்பித்தது. ஒரு வீட்டு நேர்ச்சை, மறுவருஷமே தெருவின் பயணமாகிவிட்டது. நான் முதன்முதலில் போனது 1973 தையில். அப்போது எனக்குப் பத்து வயது.

எங்கள் ஆச்சி அதற்கு முந்தின காலத்தைச் சொல்லுவாள். அவள் சின்னப்பிள்ளையாக இருந்தபோது ஆத்தங்கரைக்குக் கூண்டு வண்டியில் போவார்களாம். 70 கிலோமீட்டர் அளவு தூரம், வழியில் இரண்டு ராத்திரி. அச்சுக்கு மை போட்டு, அடியில் ராந்தல் கட்டி, வரிசையாக வண்டிகள் போகும். மாட்டுக்கு வைக்கோலும் மனுஷருக்குக் கட்டுச்சோறும் ஒரே கூண்டுக்குள். இருட்டினதும் எங்கே கிணறும் மரநிழலும் உண்டோ அங்கே வண்டியை அவிழ்த்துவிடுவார்கள். ஊருக்கு ஊர் வண்டிப்பேட்டை என்று ஓர் இடம் இருந்தது தெரியுமா? வண்டி அவிழ்க்க, மாடு கட்ட, சோறு பொங்க, படுத்து எழும்ப. "நம்ம ஊரு பேருலேயே பேட்டை இருக்குல்லா, பின்னே நமக்கு வண்டியில படுக்கச் சொல்லியா குடுக்கணும்?" என்பாள் ஆச்சி. அந்தப் பேச்சு எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

எங்களுக்கு வாய்த்தது லாரி. மற்ற நாளில் வாழைத்தார் ஏற்றுகிற வண்டி. தரையில் வாழைக்கறை பிடித்துக் கறுத்துப் போயிருக்கும், எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவினாலும் போகாது. அதன்மேல் முழங்கால் உயரத்துக்கு வாழைச்சருகைப் பரப்பி, மேலே கோரைப்பாய் விரிப்பார்கள். இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, தார்ப்பாயைக் கூரை மாதிரி இழுத்துப் போட்டுவிட்டால் வீடு ரெடி. பெரிய வட்டா, அண்டா, அடுப்புக்கு மூன்று கல், விறகு, பெட்ரோமாக்ஸ் விளக்கு, உரல்கூட ஏறும். ஆட்டைப் பின்னால் கட்டிவிடுவார்கள். பிள்ளைகள் அதற்குக் குழை கொடுத்துக்கொண்டே வருவோம். நேர்ச்சை ஆடென்று தெரிந்திருந்தும் பெயர் வைத்துவிடுவோம், பிறகு அழுவோம். லாரியில் ஆள் ஏற்றினால் அன்றைக்குக் கேட்பாரில்லை.

பேட்டையில் விளக்கு வைத்தபிறகு கிளம்பும். டவுன், பாலம், பாளையங்கோட்டை. மூலைக்கரைப்பட்டி தாண்டினால் வயல் பச்சை போய்ச் செம்மண் ஆரம்பிக்கும். இருட்டில் நிறம் தெரியாது, ஆனால் வாசம் மாறிவிடும். எங்கள் ஊர்க் காற்றில் சேறு மணக்கும், அங்கே புழுதியும் முள்மரமும் மணக்கும். திசையன்விளை பக்கம் வந்தால் எங்கே பார்த்தாலும் பனை. நிலா இருந்தால் அந்தப் பனைகள் நம்மோடு கூடவே ஓடிவரும். டிரைவர் அண்ணாச்சி ஒரு டீக்கடையில் நிறுத்துவார். கருப்பட்டிக் காப்பி. பனைவெல்லம் காய்ச்சுகிற ஊரில் குடிக்கிற கருப்பட்டிக் காப்பிக்கும் நம் ஊரில் குடிக்கிறதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் குடித்தால்தான் தெரியும்.

இனி ஆத்தங்கரை. இதைச் சொல்ல வந்தால் எனக்குப் பேச்சு நிற்காது.

நம்பியாறு திருக்குறுங்குடிக்கு மேலே மலையில் பிறந்து, ஏர்வாடி வழியாக வந்து, இங்கே மன்னார் வளைகுடாவில் சேருகிறது. தாமிரபரணி மாதிரி வருஷம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. கார்த்திகை மழைக்குப் புரண்டு ஓடும், கோடையில் மணலாகக் கிடக்கும். கடலோரத்தில் அலை கொண்டுவந்து போடுகிற மணல் ஆற்று வாயை அடைத்துவிடும். அங்கத்திய ஆட்கள் அதைப் பொழி என்பார்கள். பொழிக்கு உள்பக்கம் ஆற்றுத்தண்ணீர் குளம் மாதிரி அசையாமல் நிற்கும். வெளிப்பக்கம் கடல் அடித்துக்கொண்டிருக்கும். நடுவில் பத்து எட்டில் தாண்டிவிடுகிற மணல்மேடு. அதில் உட்கார்ந்து இடது காலை ஆற்றிலும் வலது காலைக் கடலிலும் நனைக்கலாமா என்று பிள்ளைகள் கால்களை அகட்டி அகட்டிப் பார்ப்போம். எட்டாது. ஒரு பக்கம் ஓடி நனைத்து, மறுபக்கம் ஓடி நனைப்போம். நாள் முழுக்க அதுவே வேலை.

1992 நவம்பரில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். அந்த வெள்ளத்துக்குப் பிறகு வந்த தையில் நாங்கள் போனபோது பொழி உடைந்து கிடந்தது. எப்போதும் நாங்கள் உட்காருகிற மேட்டைக் காணோம். செம்மண் நிறத்தில் ஆறு கடலுக்குள் நீளமாக நுழைந்து போகிறது. பச்சைத் தண்ணீரும் சிவப்புத் தண்ணீரும் கோடு கிழித்த மாதிரித் தனித்தனியாக நின்றன. அலை வந்து அந்தக் கோட்டை வளைக்கும், திரும்ப நேராகும். நான் கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடி நின்றேன். சோறு பொங்கிவிட்டதென்று மூன்று தடவை கூப்பிட்டார்களாம்.

பள்ளிவாசல் அந்தக் கரையில்தான் இருக்கிறது. ஷேக் முகம்மது அப்பாவும் செய்யது அலி பாத்திமா அம்மாவும் அடங்கியிருக்கிற இடம். கந்தூரிக்கு எள் விழ இடமிருக்காது. அந்தக் கூட்டத்தைத் தவிர்க்கத்தான் நாங்கள் தையில் போவோம். எல்லா சாதி சனமும் வரும். முடியாதவர்களைக் கூட்டிக்கொண்டு வந்து நாள்கணக்கில் தங்கியிருப்பார்கள். பெத்தும்மா ஃபாத்திஹா ஓதச் சொல்லி, ஓதிய பண்டமான நார்சாவை முதலில் எங்கள் கையில் கொடுப்பார்கள், பிறகுதான் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு. நாங்கள் வேறு ஒன்று கொண்டுபோவோம். மார்கழி முழுக்கப் பூசணிப்பூ செருகி வாசலில் வைத்த சாணத்தைத் தட்டிக் காயவைத்திருப்போம். சிறுவீட்டுப் பொங்கலுக்கு அதை வெற்றிலை கற்பூரத்தோடு ஆற்றில் விடுவது எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகள் வழக்கம். தாமிரபரணிக்குக் கொஞ்சம், நம்பியாற்றுக்குக் கொஞ்சம் என்று நாங்கள் பங்கு வைத்துவிடுவோம். பெத்தும்மாவின் பேத்திகளும் எங்களோடு சேர்ந்து தண்ணீரில் விடுவார்கள். கற்பூரம் அணையாமல் யாருடையது பொழிவரை போகிறது என்று பந்தயம்.

குடிக்கிற தண்ணீருக்குக் கிணறு தேட வேண்டாம். இது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஆற்றுப்பக்கத்து மணலில் அம்மா மண்டிபோட்டு உட்கார்ந்து சிரட்டையால் தோண்டுவாள். ஒரு முழம் போனால் மணல் கறுக்கும். இன்னும் கொஞ்சம் தோண்டினால் ஓரத்திலிருந்து சொட்டுச் சொட்டாக ஊறும். முதல் தண்ணீர் கலங்கல், அதை இறைத்து வெளியே விட்டுவிடுவாள். இரண்டாவது ஊறுகிற தண்ணீரையும் இறைப்பாள். மூன்றாவது ஊறுவது கண்ணாடி. குனிந்து பார்த்தால் நம் முகம் தெரியும், முகத்துக்குப் பின்னால் ஆகாசம். சிரட்டையில் மொண்டு முதல் வாய் என்னிடம்தான் தருவாள். அத்தனை உப்புக்கு நடுவில் அவ்வளவு தித்திப்பு. ஒரு குடம் நிறைய அரைமணி நேரமாகும். அந்த அரைமணி நேரமும் அம்மா சும்மா உட்கார்ந்திருப்பாள். வீட்டில் அவள் சும்மா உட்கார்ந்து நான் பார்த்ததே கிடையாது.

காலையில் கட்டுமரம் கரை ஏறும் இடத்துக்கு ஆண்கள் நடந்துபோய் மீன் வாங்கி வருவார்கள். சாளை, நெத்திலி, கையில் காசிருந்தால் சீலா. அம்மிக்குப் பதிலாக உரலில் இடித்த மசாலா, மண்சட்டி, பனைமட்டை நெருப்பு. தேங்காய்ச்சோறு பெத்தும்மா வீட்டுக் கைப்பக்குவம். எங்கள் பக்கத்திலிருந்து கூட்டாஞ்சோறு. ஒரே வட்டாவைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவோம். சோற்றில் கொஞ்சம் மணல் நறநறக்கத்தான் செய்யும். அந்த நறநறப்பு இல்லாத சோறு எனக்கு ஆத்தங்கரைச் சோறாகத் தோன்றுவதே இல்லை.

ராத்திரி பெண்களும் பிள்ளைகளும் லாரிக்குள், ஆண்கள் மணலில். தார்ப்பாயில் காற்று அடித்து அடித்துப் படபடக்கும். ஒரு மூலையில் இழுத்துக் கட்டாமல் விட்டிருப்பார்கள், அந்த ஓட்டை வழியாக நட்சத்திரம் தெரியும். டிரான்சிஸ்டரில் இலங்கை வானொலி. வீட்டில் வைத்தால் பாதி கரகரப்பு, பாதி பாட்டு. இங்கே கடலுக்கு அந்தப் பக்கம்தானே இலங்கை, பக்கத்து வீட்டிலிருந்து பாடுகிற மாதிரிக் கேட்கும். பீடி சுற்றும்போது எங்களைத் தூங்காமல் வைத்த ரேடியோ, இங்கே எங்களைத் தூங்கவைத்தது.

அந்த முதல் வருஷம் நான் அம்மா பக்கத்தில் படுத்திருந்தேன். பெட்ரோமாக்ஸை அணைத்தாயிற்று, நிலா வெளிச்சம் மட்டும். அம்மாவின் கை என் முகத்துக்கு நேராகக் கிடந்தது. அவள் நன்றாகத் தூங்குகிறாள், மூச்சு சீராக வருகிறது. ஆனால் விரல்கள் அசைகின்றன. பெருவிரல் சுட்டுவிரல்மேல் உரசி உரசி உருட்டுகிறது. பிறகு ஒரு சுற்று, ஒரு வெட்டு. பிறகு நகம் மடக்குகிறது. மறுபடி உருட்டுகிறது. தூக்கத்தில் பீடி சுற்றிக்கொண்டிருக்கிறாள். நான் எண்ண ஆரம்பித்தேன், ஒரு கட்டு முடிவதற்குள் உறங்கிப்போனேன். மறுநாள் ராத்திரியும் பார்த்தேன். அசைவு இருந்தது, நடுநடுவே நின்றது. மூன்றாம் ராத்திரி அம்மாவின் கை விரிந்து மல்லாந்து கிடந்தது, உள்ளங்கையில் மணல் ஒட்டியிருந்தது. ஒரு விரல்கூட அசையவில்லை. விடிகிறவரை அப்படியே.

எனக்குக் கல்யாணமாகி நானே ஆயிரம் சுற்ற ஆரம்பித்தபிறகு ஒருநாள் லாரிக்குள் என் மகள் என் விரலைப் பிடித்து நிறுத்தினாள். "அம்மா, தூங்கு" என்றாள். அவளுக்கு அப்போது ஏழு வயது.

பீடித் தொழிலாளர்களுக்காக 1966-லும் 1976-லும் சட்டங்கள் வந்தன. இரண்டாவது சட்டத்தில் வந்த நலநிதியிலிருந்து பிள்ளைகள் படிப்புக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். என் மகள் அதில் படித்தாள். அவள் சொளகைத் தொடவில்லை. அந்தச் சந்தோஷத்தைத் தனியாக ஒரு கட்டுரை எழுதித்தான் சொல்ல வேண்டும்.

ஒரு வருஷம் திரும்புகிற அன்று லாரி மணலில் புதைந்துவிட்டது. பின்டயர் பாதி உள்ளே. டிரைவர் அண்ணாச்சி முறுக்க முறுக்க இன்னும் கீழே போகிறது. பெத்தும்மா முக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஏட்டி, எல்லாரும் இறங்குங்க" என்றார்கள். பனைமட்டை பொறுக்கி டயருக்கு அடியில் அடுக்கினோம். 19 பெண்கள் பின்னால் கை வைத்துத் தள்ளினோம். ஆண்கள் முன்னால் கயிறு கட்டி இழுத்தார்கள். சுற்றிச் சுற்றிக் கூன் விழுந்த முதுகுகள்தான் எல்லாம். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி மேலே ஏறியபோது எழுந்த குலவைச் சத்தம் பள்ளிவாசல்வரை கேட்டிருக்கும். சட்டி, பானை, பிள்ளைகள், நாங்கள், எல்லோர்மேலும் மணல். அன்றைக்குப் போல நான் வாழ்நாளில் சிரித்ததில்லை.

ஒரே ஒரு தையில் ஆத்தங்கரையை விட்டுப் புன்னைக்காயல் போனோம். எங்கள் தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தைப் பார்க்க வேண்டுமென்று எனக்குக் கொள்ளை ஆசை. பொதிகையில் பிறந்து 128 கிலோமீட்டர் ஓடி வந்து, ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கெல்லாம் தண்ணீர் காட்டிவிட்டு, அங்கே அகலமாக விரிந்து கடலுக்குள் போகிறாள். நான் பேட்டையில் குளித்த தண்ணீர் இதுதானே என்று கையில் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டேன். கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் தங்குவதற்கு என்றால் என் ஓட்டு நம்பியாற்றுக்குத்தான். அது சின்ன ஆறு. மூன்று நாளில் அதன் மூலை முடுக்கெல்லாம் நமக்குச் சொந்தமாகிவிடும்.

இப்போது இரண்டு ஆற்றையும் சேர்க்கக் கால்வாயே வெட்டிவிட்டார்கள். சேரன்மகாதேவிப் பக்கம் வெள்ளாங்குளியில் கன்னடியன் கால்வாயிலிருந்து பிரித்து, தாமிரபரணியின் வெள்ளநீரைக் கருமேனியாற்றுக்கும் நம்பியாற்றுக்கும் கொண்டுபோகிற திட்டம். 70 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். 2009-இல் ஆரம்பித்த வேலை, வருஷக்கணக்காக இழுத்தது. அந்தக் கால்வாயில் முதன்முதலில் தண்ணீர் விட்ட படத்தைப் பத்திரிகையில் பார்த்தபோது கத்தரித்து வைத்துக்கொண்டேன். ஆச்சி கூண்டு வண்டியில் போன திக்கில், நாங்கள் லாரியில் போன திக்கில், இப்போது எங்கள் ஆறே போகிறது.

லாரிக் காலம் முடிந்து மெட்டடோர் வேன் வந்தது, பிறகு டெம்போ டிராவலர். இருக்கைகளைக் கழற்றிவிட்டுத்தான் இன்றைக்கும் கொண்டுபோகிறோம். வெளிநாடுகளில் கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் வைத்த வண்டியை இழுத்துக்கொண்டுபோய் ஆற்றங்கரையில் நிறுத்தித் தங்குவார்கள் என்று மகள் போனில் படம் காட்டினாள். நம் ஊரில் சினிமாக்காரர்கள் படப்பிடிப்புக்குக் கொண்டுவருகிற கேரவன் எல்லோருக்கும் தெரியும். கேரளத்தில் 2021-இல் அரசாங்கமே கேரவன் சுற்றுலாவுக்கென்று கொள்கை கொண்டுவந்தது. நல்லது, நிறைய வரட்டும். வண்டியிலும் குடிலிலும் தங்குகிற சுகம் எங்கள் பக்கத்து ஆட்களுக்குப் புதிதல்ல. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய் ஆற்றோரம் குடில் போட்டார்கள். உவரி அந்தோணியார் கோயில் திருவிழாவுக்கு ஓலைக்குடிசை போட்டார்கள். கையிலிருந்த தார்ப்பாயும் ஓலையும் போதுமாக இருந்தது.

நீங்களும் போங்கள். காரில் போய் இறங்கி, செல்பி எடுத்து, சாயங்காலமே திரும்புகிற போக்கு வேண்டாம். தை மாதம் போங்கள், ஆற்றில் தண்ணீர் இருக்கும், வெயில் சுடாது. மூன்று ராத்திரி தங்குங்கள். முதல் ராத்திரி உடம்பு இன்னும் வேலை செய்துகொண்டேதான் இருக்கும், அதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். பாய் கொண்டுபோங்கள், மெத்தை வேண்டாம். வண்டியைக் கெட்டித் தரையில் நிறுத்துங்கள், மணலுக்குள் இறக்கினால் தள்ளுவதற்கு 19 பேர் வேண்டும். கடலில் பிள்ளைகளைத் தனியாக விடாதீர்கள், அங்கே இழுப்பு அதிகம். ஆற்றுப்பக்கம் குளிப்பாட்டுங்கள். பிளாஸ்டிக் பை ஒன்றுகூட அங்கே விட்டுவிட்டு வராதீர்கள். இதைக் கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன்.

பெத்தும்மா இல்லை, அம்மா இல்லை, டிரைவர் அண்ணாச்சியும் போய்விட்டார். பிஸ்கட் டப்பா இப்போது பெத்தும்மாவின் பேத்தியிடம் இருக்கிறது. எனக்கு அவள் லாத்தா, என்னைவிட ஒரு வயது மூத்தவள். பணமெல்லாம் போனிலேயே அனுப்பிவிடுகிறார்கள், ஆனாலும் கணக்குச் சீட்டை அந்த டப்பாவில்தான் போட்டு வைக்கிறாள்.

வருகிற தைக்கு வண்டி பேசியாச்சு. முன்பணமும் கொடுத்தாச்சு. 14 பெரியவர்கள், ஆறு பிள்ளைகள். போன வாரம் என் பேத்தி தேங்காய் உடைத்த சிரட்டையை வெளியே போடப் போனாள். வாங்கி, கழுவி, வெயிலில் காயவைத்து, பைக்குள் எடுத்து வைத்திருக்கிறேன். ஊற்று தோண்ட அவளுக்கு இன்னும் தெரியாது.